1994 ஒப்பந்தத்தின் ஓட்டை: தத்தார் அரசுரிமை எந்தத் தாளின் மேல் நின்றது?

கூட்டாட்சியைப் பற்றி எழுதுபவர்கள் ரஷ்யாவுக்குள் இருக்கும் வோல்காக் கரைக் குடியரசான தத்தாரிஸ்தானைத் தொடும்போதெல்லாம் ஏறத்தாழ ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். செச்னியா ஆயுதம் ஏந்தியது, தரைமட்டமானது. தத்தாரிஸ்தான் பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்தது, பிழைத்துக்கொண்டது. 1994 பிப்ரவரி 15 அன்று மாஸ்கோவில் ரஷ்யக் குடியரசுத் தலைவர் யெல்ட்சினும் தத்தாரிஸ்தான் குடியரசுத் தலைவர் ஷைமியேவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அதற்கு அத்தாட்சி. பிறகு புதின் வந்தார், கொடுத்ததையெல்லாம் பறித்துக்கொண்டார். இந்தக் கதையின் முன்பாதியில் எனக்கு மறுப்பில்லை. பின்பாதிதான் நெடுநாளாக உறுத்துகிறது. மேலே ஓர் ஆள் மாறியதும் ஓர் அரசுரிமை கரைந்துபோகிறது என்றால், அது எந்தத் தாளின் மேல் நின்றது, அந்தத் தாளில் என்ன குறை என்று கேட்டாக வேண்டும். ஒப்பந்தத்தையும், அதற்கு இரண்டு மாதம் முன்பு வந்த ரஷ்ய அரசியலமைப்புச் சட்டத்தையும் அருகருகே வைத்துப் படித்தால், 2017இல் தத்தாரிஸ்தானின் கடைசி ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் முடிந்ததற்கான சட்ட வழி 1994க்கு முன்பே திறந்து கிடந்தது என்பது தெரியும். என் வாதம் அவ்வளவுதான். ஆனால் அதைச் சொல்ல 1917இலிருந்து வர வேண்டியிருக்கிறது. ஏனென்றால் அதே கேள்வி, அதாவது உரிமை யாருடைய கையெழுத்தில் பிறக்கிறது என்ற கேள்வி, அங்கேயே எழுந்துவிட்டது. (இங்கே பேசுவது வோல்கா தத்தார்களைப் பற்றி. கிரிமியத் தத்தார்களின் வரலாறு வேறு. அதற்குத் தனியாக எழுத வேண்டும்.)

தானே இயற்றிய சட்டமும் மேலிருந்து வந்த ஆணையும்

1917 மே மாதம் மாஸ்கோவில் கூடிய அகில ரஷ்ய முஸ்லிம் மாநாட்டில் இரண்டு தீர்மானங்கள் மோதின. அஜர்பைஜானின் ரசூல்சாதே, நிலப்பரப்பு அடிப்படையிலான கூட்டாட்சி வேண்டும் என்றார். ஒசேத்தியரான அகமத் சாலிகோவ், ஒன்றுபட்ட ரஷ்யக் குடியரசுக்குள் பண்பாட்டுத் தன்னாட்சி போதும் என்றார். 446க்கு 271 என்ற வாக்கில் ரசூல்சாதேயின் தீர்மானம் வென்றது. தத்தார் தலைவர்களில் பலர் தோற்ற பக்கம் நின்றார்கள். அது கோழைத்தனம் அல்ல. அஜர்பைஜானியர்களைப் போலத் தத்தார்கள் ஒரே நிலத்தில் திரண்டு வாழவில்லை. இன்றைய தத்தாரிஸ்தானின் தலைநகரான கசானிலிருந்து உஃபா, ஒரென்புர்க், அஸ்திரகான், சைபீரியா வரை, ரஷ்யர்களோடும் பாஷ்கிர்களோடும் சுவாஷ்களோடும் கலந்து வாழ்ந்தார்கள். எங்கே எல்லைக்கோடு போட்டாலும் தத்தார்களில் பெரும்பகுதி கோட்டுக்கு வெளியே போய்விடும் என்பது அவர்களுக்குத் தெரியும். இன்று வரை நிலைமை அதுதான். 1989 கணக்கெடுப்பில் சோவியத் ஒன்றியத்தில் 66 லட்சத்துக்கு மேல் தத்தார்கள் இருந்தார்கள். அவர்களில் தத்தாரியாவில், அதாவது இன்றைய தத்தாரிஸ்தானில், வாழ்ந்தவர்கள் ஏறத்தாழ 17.6 லட்சம்.

ஆகவே நிலத்தோடு அல்ல, ஆளோடு ஒட்டிய தன்னாட்சியை அவர்கள் வகுத்தார்கள். 1917 ஜூலை 22 அன்று கசானில், உள்நாட்டு ரஷ்யாவிலும் சைபீரியாவிலும் வாழும் துருக்கிய தத்தார் முஸ்லிம்களின் தேசியப் பண்பாட்டுத் தன்னாட்சி அறிவிக்கப்பட்டது. நவம்பர் 20 அன்று, பழைய நாட்காட்டிப்படி, உஃபாவில் மில்லத் மஜ்லிஸ் என்ற தேசியப் பேரவை கூடியது. சட்டம் படித்த சத்ரி மக்சூதி அதன் தலைவர். பேரவையின் நிர்வாகப் பிரிவான மில்லி இதாரே மூன்று துறைகளைக் கொண்டது: சமயம், கல்வி, நிதி. படையும் இல்லை, நிலமும் இல்லை. பள்ளிவாசலும் பள்ளிக்கூடமும், அவற்றை நடத்தத் தம் மக்களிடமே வரி திரட்டும் உரிமையும் இருந்தன. யாருடைய அனுமதிக்கும் காத்திராமல், தேர்ந்தெடுக்கப்பட்ட பேரவை தனக்குத் தானே இயற்றிக்கொண்ட அமைப்பு என்பதுதான் இதில் முதன்மையானது.

அந்தப் பேரவைக்குள்ளேயே இன்னோர் அணியும் இருந்தது. நிலம் இல்லாத தன்னாட்சி காற்றில் நிற்காது என்று வாதிட்டவர்கள் அவர்கள். துப்ராக்சிகள், அதாவது மண்காரர்கள், என்று பெயர். அந்த அணியைச் சேர்ந்த கலிம்ஜான் ஷராஃப் ஒரு வரைபடமே தயாரித்தார். உஃபா மாகாணம் முழுவதும், கசான், சிம்பிர்ஸ்க், சமாரா, ஒரென்புர்க், பேர்ம், வியாட்கா மாகாணங்களின் பகுதிகளும் சேர்ந்த ‘இதெல் உரால்’ அரசு (இதெல் என்பது வோல்கா ஆற்றின் தத்தார்ப் பெயர்). நவம்பர் 29 அன்று பேரவை இதையும் ஏற்றது. ஆனால் அறிவிப்பைச் செயலாக்குவதற்குள் போல்ஷெவிக்குகள் கசானில் முஸ்லிம் படைவீரர்கள் மாநாட்டின் தலைவர்களைக் கைது செய்தார்கள். புலாக் கால்வாய்க்கு அப்பால் தத்தார்கள் வாழ்ந்த பகுதியில் சில வாரம் நீடித்த எதிர்ப்பு 1918 மார்ச் இறுதியில் ஒடுக்கப்பட்டது. ஏப்ரலில் மில்லி இதாரேயும் கலைக்கப்பட்டது. சத்ரி மக்சூதி நாட்டைவிட்டு வெளியேறி, பின்னாளில் துருக்கியில் சட்டப் பேராசிரியராக வாழ்ந்து மறைந்தார்.

அடக்கிய கையோடு போல்ஷெவிக்குகள் செய்த காரியத்தைக் கவனிக்க வேண்டும். 1918 மார்ச் 22 தேதியிட்ட ஆணையில், ஸ்டாலின் தலைமையிலான தேசிய இனங்களுக்கான மக்கள் ஆணையம், தத்தார் பாஷ்கிர் சோவியத் குடியரசு என்ற ஒன்றை அறிவித்தது. அதன் எல்லை ஏறத்தாழ ஷராஃபின் வரைபடமேதான். உள்ளடக்கம் அதே, கையெழுத்து மட்டும் வேறு. கையெழுத்திட்டவன் அழிக்கவும் முடியும் என்பதற்கு நெடுங்காலம் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. 1919 மார்ச்சில் பாஷ்கிர்களோடு தனி உடன்பாடு. அதே ஆண்டு டிசம்பர் 13 அன்று கட்சியின் பொலிட்பீரோ 1918 ஆணையை ரத்து செய்யத் தீர்மானித்தது. 1920 மே 27 அன்று வேறோர் ஆணை வந்தது: தத்தார் தன்னாட்சி சோவியத் சோஷலிசக் குடியரசு. வெளியுறவும் வெளிநாட்டு வணிகமும் முழுக்க மத்தியிடம். உணவு, நிதி, தொழிலாளர் போன்ற துறைகள் கசானில் இருந்தாலும் நேரடியாக மாஸ்கோவின் ஆணையங்களுக்குக் கட்டுப்பட்டவை. உள்துறை, நீதி, கல்வி, நலவாழ்வு, வேளாண்மை ஆகியவற்றில்தான் ஏதோ கொஞ்சம் தன்னாட்சி. தத்தார்கள் மிகுந்த பெலெபேய், பிர்ஸ்க் வட்டங்களின் தலைவிதியை உழைக்கும் மக்களின் விருப்பத்தைக் கேட்டு முடிவு செய்வதாக ஆணை சொன்னது. அவை தத்தார் குடியரசுக்கு வந்து சேரவே இல்லை, பாஷ்கிரியாவோடு சேர்க்கப்பட்டன.

1936: எல்லையில் இல்லாத குற்றம்

சோவியத் கட்டமைப்பில் ஒன்றியக் குடியரசுக்கும் தன்னாட்சிக் குடியரசுக்கும் இடையே இருந்த படிநிலை வெறும் பெயர் வேறுபாடு அல்ல. ஒன்றியக் குடியரசுக்குத் தாளிலாவது பிரிந்துபோகும் உரிமை உண்டு. தன்னாட்சிக் குடியரசு ரஷ்யக் கூட்டாட்சியின் உறுப்பு. 1920களின் தொடக்கத்திலேயே தத்தார் போல்ஷெவிக் தலைவரான மீர்சயீத் சுல்தான் கலியேவ், தேசிய இனங்களைத் தகுதி உள்ளவை, இல்லாதவை என்று பிரிப்பதை எதிர்த்துப் பேசினார். 1923இல் கைதானார். 1940 ஜனவரியில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1936 நவம்பர் 25 அன்று, புதிய அரசியலமைப்புச் சட்ட வரைவை விளக்கிப் பேசிய ஸ்டாலின் மூன்று நிபந்தனைகளைச் சொன்னார். ஒன்றியக் குடியரசாக வேண்டுமானால் அந்தக் குடியரசு எல்லையோரத்தில் இருக்க வேண்டும். அதன் பெயரைத் தாங்கிய இனம் அங்கே பெரும்பான்மையாகத் திரண்டிருக்க வேண்டும். மக்கள்தொகை பத்து லட்சத்துக்குக் குறையக் கூடாது. கசாக்கு ஒன்றியக் குடியரசாவதும் தத்தாரியா தன்னாட்சிக் குடியரசாகவே நீடிப்பதும் இதனால்தான் என்று பெயர் சொல்லியே விளக்கினார்.

இந்த வாதத்தின் தர்க்கம் நேர்த்தியானதுதான்: பிரிந்துபோகும் உரிமை இருக்கிறது என்றால் போவதற்கு ஒரு திசை இருக்க வேண்டும், நான்கு பக்கமும் ரஷ்யா சூழ்ந்த நாடு எங்கே போகும்? ஆனால் அளவுகோல் எல்லாருக்கும் ஒன்றாக இல்லை. 1939 கணக்கெடுப்பில் கசாக்கு மக்கள் தம் குடியரசிலேயே பாதிக்கும் குறைவு. ஒன்றியக் குடியரசு என்ற தகுதி அவர்களிடமிருந்து பறிக்கப்படவில்லை. 1991 டிசம்பரில் அந்தத் தகுதிதான் கசாக்ஸ்தானைத் தனி நாடாக்கியது. கசானுக்கு 1936இல் மறுக்கப்பட்ட ஒரு சொல்லின் விலை அது. தன்னாட்சி என்பதன் உண்மையான பலத்தை 1952 காட்டியது: குடியரசு என்ற பெயர் அப்படியே இருக்க, தத்தாரியா கசான், சிஸ்தபோல், புகுல்மா என்று மூன்று மாவட்ட நிர்வாகங்களாகப் பிரிக்கப்பட்டது. ஸ்டாலின் இறந்த பிறகு 1953இல்தான் அது நீங்கியது.

ஒரு பிரகடனம், ஒரு கேள்வி

1990 ஏப்ரல் 26 தேதியிட்ட ஒன்றியச் சட்டம் ஒன்று தன்னாட்சிக் குடியரசுகளையும் சோவியத் கூட்டாட்சியின் உறுப்புகளாக ஏற்றது. ஜூன் 12 அன்று ரஷ்யா தன் இறையாண்மையை அறிவித்தது. ஆகஸ்டில் கசானுக்கு வந்த யெல்ட்சின், விழுங்க முடிந்த அளவு இறையாண்மையை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். எல்லாரும் மேற்கோள் காட்டுவது இந்தப் பேச்சைத்தான். சட்ட அடித்தளம் ஏப்ரல் சட்டத்தில் இருந்தது. ஆகஸ்ட் 30 அன்று தத்தாரிஸ்தானின் நாடாளுமன்றமான உச்ச சோவியத் இறையாண்மைப் பிரகடனத்தை நிறைவேற்றியது. பெயரிலிருந்து தன்னாட்சி என்ற சொல் போனது. தத்தார், ரஷ்யம் இரண்டும் சம உரிமையுள்ள அரசு மொழிகள். மற்றக் குடியரசுகளின் பிரகடனங்களில் பெரும்பாலும் ரஷ்யக் கூட்டாட்சிக்குள் என்ற சொற்றொடர் வரும்; தத்தாரிஸ்தானின் பிரகடனத்தில் அது இல்லை. வேண்டுமென்றே விட்ட இடம் அது. அடுத்த நான்காண்டு அரசியல் முழுவதும் அந்த வெற்றிடத்தைச் சுற்றித்தான் நடந்தது.

1992 மார்ச் 21 பொதுவாக்கெடுப்பின் கேள்வியைச் சொல்லுக்குச் சொல் பார்ப்பது நல்லது. தத்தாரிஸ்தான் குடியரசு இறையாண்மை உள்ள அரசு, சர்வதேசச் சட்டத்தின் உறுப்பு, ரஷ்யக் கூட்டாட்சியோடும் பிற குடியரசுகளோடும் அரசுகளோடும் சம உரிமை ஒப்பந்தங்களின் அடிப்படையில் உறவு கொள்வது என்பதை ஏற்கிறீர்களா? விடுதலை என்ற சொல் இதில் இல்லை. ரஷ்யாவுக்குள் என்பதும் இல்லை. மார்ச் 13 அன்று ரஷ்ய அரசியலமைப்பு நீதிமன்றம், வலேரி சோர்கின் தலைமையில், இந்தக் கேள்வியின் முக்கியப் பகுதி அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. மூன்று நாள் கழித்து கசான் நாடாளுமன்றம், இது பிரிவினைக்கான வாக்கெடுப்பு அல்ல என்று விளக்கத் தீர்மானம் போட்டுவிட்டு வாக்கெடுப்பை நடத்தியது. 81.7 சதவீதம் பேர் வாக்களித்தார்கள், அவர்களில் 61.4 சதவீதம் ஆம் என்றார்கள். நகரங்களைவிடக் கிராமங்களில் ஆதரவு மிகுதி. தத்தார்கள் 48.5 சதவீதமும் ரஷ்யர்கள் 43.3 சதவீதமும் இருந்த குடியரசில் இந்த எண்ணிக்கை, ரஷ்யர்களில் ஒரு பகுதியினரின் வாக்கு இல்லாமல் வந்திருக்க வாய்ப்பே இல்லை.

பத்தே நாளில், மார்ச் 31 அன்று, மற்றக் குடியரசுகள் கூட்டாட்சி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. தத்தாரிஸ்தானும் செச்னியாவும் மறுத்தன. நவம்பர் 6 அன்று வந்த தத்தாரிஸ்தான் அரசியலமைப்பின் 61ஆம் பிரிவு வாக்கெடுப்பின் மொழியைச் சட்டமாக்கியது: இறையாண்மை உள்ள அரசு, சர்வதேசச் சட்டத்தின் உறுப்பு, அதிகாரங்களைப் பரஸ்பரம் ஒப்படைக்கும் ஒப்பந்தத்தின் வழியாக ரஷ்யாவோடு இணைந்தது. இதன்படி உறவின் வேர் ஒப்பந்தம்தான். ஒப்பந்தம் இல்லாவிட்டால் உறவே இல்லை. ஆனால் அந்தச் சட்டம் வந்த நாளில் ஒப்பந்தம் எதுவும் கையில் இல்லை.

இரண்டு மாத இடைவெளி

1993 அக்டோபரில் யெல்ட்சின் தன் நாடாளுமன்றக் கட்டடத்தின் மீது டாங்கிகளைச் சுட வைத்தார். டிசம்பர் 12 அன்று புதிய ரஷ்ய அரசியலமைப்பு வாக்கெடுப்புக்கு வந்தது. தத்தாரிஸ்தானில் வாக்களித்தவர்கள் 15 சதவீதத்துக்கும் குறைவு. எங்கள் மக்கள் இதை ஏற்கவில்லை என்று கசான் சொல்ல அது உதவியது. ஆனால் நாடு முழுவதற்கும் அந்தச் சட்டம் டிசம்பர் 25 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 11ஆம் பிரிவின் மூன்றாம் பகுதி, கூட்டாட்சிக்கும் அதன் உறுப்புகளுக்கும் இடையிலான அதிகாரப் பகிர்வை இந்த அரசியலமைப்பும் ஒப்பந்தங்களும் வகுக்கும் என்றது. ஒப்பந்தத்துக்கு இடம் இருக்கிறதே என்று மகிழலாம். ஆனால் கடைசியில், இடைக்கால ஏற்பாடுகளுக்கான இரண்டாம் பாகத்தில், இன்னொரு வரி இருக்கிறது: கூட்டாட்சி அதிகார அமைப்புகளுக்கும் உறுப்புகளின் அதிகார அமைப்புகளுக்கும் இடையே ஆன எந்த ஒப்பந்தமானாலும், அரசியலமைப்போடு முரண்பட்டால் அரசியலமைப்பே செல்லும்.

இனி 1994 பிப்ரவரி 15 ஒப்பந்தத்தின் தலைப்பைப் பாருங்கள். ரஷ்யக் கூட்டாட்சியின் அதிகார அமைப்புகளுக்கும் தத்தாரிஸ்தான் குடியரசின் அதிகார அமைப்புகளுக்கும் இடையே அதிகார வரம்புகளைப் பிரித்தல், அதிகாரங்களைப் பரஸ்பரம் ஒப்படைத்தல் பற்றியது. இரண்டு அரசுகளுக்கு இடையிலானதாக இல்லை. இரண்டு நிர்வாக அமைப்புகளுக்கு இடையிலானதாக இருக்கிறது. டிசம்பர் அரசியலமைப்பு எந்த வகை ஒப்பந்தத்தைத் தனக்குக் கீழே வைத்ததோ, அதே வகைக்குள் இது அச்சுப் பிசகாமல் போய் உட்கார்ந்துகொண்டது. மாஸ்கோ தரப்பில் வரைவுகளைக் கையாண்ட செர்கேய் ஷாக்ராய் தேர்ந்த சட்ட வல்லுநர். இது தற்செயலாக நேர்ந்திருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை. கசான் தரப்பில் பேசிய துணைத் தலைவர் வசீலி லிகச்சோவும் சர்வதேசச் சட்ட அறிஞர்தான். தெரிந்தேதான் விட்டுக்கொடுத்தார்கள்.

அதற்கு மாற்றாக அவர்கள் வாங்கியது முகவுரையில் இருக்கிறது. தத்தாரிஸ்தான் ஓர் அரசாக, ரஷ்ய அரசியலமைப்பாலும் தத்தாரிஸ்தான் அரசியலமைப்பாலும் இந்த ஒப்பந்தத்தாலும் ரஷ்யாவோடு இணைந்திருக்கிறது என்கிறது அது. ஒன்றையொன்று மறுக்கும் இரண்டு அரசியலமைப்புகள் ஒரே வாக்கியத்தில். எது மேல் என்று வாக்கியம் சொல்லவில்லை. இறையாண்மை என்ற சொல்லும் இல்லை. உள்ளே போனால் பட்டியல் தாராளமானது: சொந்த வரவு செலவுத் திட்டம், வரி, நிலமும் நிலத்தடி வளமும், குடியரசுக் குடியுரிமை, தேசிய வங்கி, மாற்றுக் குடிமைப் பணி, வெளிநாட்டு வணிகம், அயல் அரசுகளோடு உடன்பாடு. ரோமாஷ்கினோ எண்ணெய் வயலை வைத்திருக்கும் குடியரசுக்கு இவை சாதாரண அதிகாரங்கள் அல்ல. பணம் யாருக்கு எவ்வளவு என்பதை ஒப்பந்தத்தோடு சேர்ந்த பன்னிரண்டு அரசுமட்ட உடன்பாடுகள் வகுத்தன. அவற்றின் காலம் ஐந்தாண்டு. ஆக, உடலுக்குக் கால வரம்பு இல்லை. அதில் ஓடும் இரத்தத்துக்கு இருந்தது.

மிகப் பெரிய ஓட்டை என்று நான் கருதுவது தகராறு பற்றிய பிரிவு. கூட்டு அதிகாரத்தில் தகராறு வந்தால் இரு தரப்பும் ஒப்புக்கொண்ட முறையில் தீர்க்கப்படும் என்றுதான் எழுதியிருக்கிறது. நடுவர் குழு இல்லை, கால வரையறை இல்லை, ஒப்புக்கொள்ளாவிட்டால் என்ன என்பதற்குப் பதில் இல்லை. ஒப்பந்தத்தை ஒருதலையாக ரத்து செய்யவோ திருத்தவோ முடியாது என்ற பிரிவு இருக்கிறது. மீறினால் யாரிடம் முறையிடுவது என்பது இல்லை. முறையிட ஒரே இடம், 1992இல் ஏற்கெனவே கசானுக்கு எதிராகத் தீர்ப்பளித்த அதே நீதிமன்றம். போதாக்குறைக்கு, இரு நாடாளுமன்றங்களிலும் முறையான ஒப்புதல் வாங்கப்படவில்லை. அன்றைய டூமாவில், அதாவது ரஷ்ய நாடாளுமன்றத்தின் கீழவையில், அது நிறைவேறியிருக்குமா என்பது சந்தேகம்தான்; ஆனால் நிறைவேற்றாமல் விட்டதால் ஒப்பந்தம் ஒரு சட்டத்தின் பலத்தைக்கூடப் பெறவில்லை.

வேறு வழி இருந்ததா என்று கேட்டால், நேர்மையாகச் சொல்ல வேண்டும்: பெரிதாக இல்லை. எண்ணெய்க் குழாய்கள் எல்லாம் ரஷ்ய மண் வழியாகத்தான் போகின்றன. 1994 டிசம்பரில் செச்னியாவின் தலைநகர் க்ரோஸ்னி மீது குண்டு விழத் தொடங்கியபோது கசானில் பள்ளிகள் தத்தார் மொழியில் நடந்துகொண்டிருந்தன. அதைச் சிறிய விஷயம் என்று யாரும் சொல்லக் கூடாது. நான் சொல்வது இவ்வளவுதான்: அது அரசுரிமையைப் பாதுகாத்த ஆவணம் அல்ல, அரசுரிமை பற்றிய தகராறை ஒத்திவைத்த ஆவணம். ஒத்திவைத்த காலத்தில் மாஸ்கோ அதே அச்சில் 46 பிரதேசங்களோடு 42 ஒப்பந்தங்கள் போட்டுவிட்டது. தத்தாரிஸ்தானின் தனித்தன்மையாக இருந்தது வழக்கமான நிர்வாக நடைமுறையாகிவிட்டது. பின்னால் எல்லாவற்றையும் ஒரே சட்டத்தால் துடைப்பது அதனால் எளிதாயிற்று.

துடைத்த விதம்

2000 ஜூன் 7 அன்று அல்தாய் குடியரசு வழக்கில், கூட்டாட்சியின் உறுப்புகளுக்கு இறையாண்மை கிடையாது, வரம்புக்குட்பட்டதாகக்கூடக் கிடையாது என்றது அரசியலமைப்பு நீதிமன்றம். ஜூன் 27 தீர்மானத்தில் தத்தாரிஸ்தான் உட்பட ஆறு குடியரசுகளுக்கு அதையே பொருத்தியது. 2002 ஏப்ரலில் கசான் தன் அரசியலமைப்பைத் திருத்தி எழுதி, ரஷ்யாவின் அதிகார வரம்புக்கு வெளியே உள்ள முழு அதிகாரமே தன் இறையாண்மை என்று ஒரு நுட்பமான வழி கண்டது. 2003 ஜூலையில் வந்த கூட்டாட்சிச் சட்டம், பழைய ஒப்பந்தங்கள் எல்லாம் இரண்டாண்டுக்குள் கூட்டாட்சிச் சட்டத்தால் உறுதிசெய்யப்பட வேண்டும், இல்லையேல் காலாவதி என்றது. புதிய ஒப்பந்தங்களுக்கு உச்ச வரம்பு பத்தாண்டு. ஒருதலையாக மாற்ற முடியாது என்று எழுதிய தாள் இப்படித்தான் மாறியது.

கசான் விடவில்லை. மீண்டும் பேசிப் புதிய ஒப்பந்தம் ஒன்றை எழுதி, 2007 பிப்ரவரியில் ரஷ்ய நாடாளுமன்றத்தின் மேலவை அதை நிராகரித்த பிறகும் மறுபடி அனுப்பி, ஜூலையில் சட்டமாக்கியது. இந்த முறை ஒப்புதல் இருந்தது; உள்ளடக்கம் போய்விட்டது. எஞ்சியவற்றுள் ஒன்று கடவுச்சீட்டின் உள்தாள். 1997இல் வந்த ரஷ்ய உள்நாட்டுக் கடவுச்சீட்டில் தேசிய இனம் குறிக்கும் வரி இல்லை, எல்லாம் ரஷ்ய மொழியில் மட்டும். தத்தாரிஸ்தான் அதை வழங்க மறுத்து நின்றது. 2001இல் தத்தார் மொழியில், குடியரசின் சின்னத்தோடு ஓர் உள்தாள் என்று சமரசம் ஆனது. 1992இல் சர்வதேசச் சட்டத்தின் உறுப்பு என்று வாக்களித்த மக்களுக்கு, 2007 ஒப்பந்தத்தில் அந்த உள்தாள் ஓர் உரிமையாக எழுதப்பட்டது.

அந்த ஒப்பந்தம் 2017 ஆகஸ்ட் 11 அன்று புதுப்பிக்கப்படாமல் முடிந்தது. அதற்கு மூன்று வாரம் முன்பு யோஷ்கர் ஓலா நகரில் புதின், தாய்மொழி அல்லாத மொழியைக் கற்க யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று பேசியிருந்தார். பள்ளிகளில் தத்தார் மொழி எல்லாருக்கும் கட்டாயப் பாடமாக இருப்பது செல்லும் என்று 2004 நவம்பரில் அதே அரசியலமைப்பு நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு அப்படியே இருந்தது. நவம்பர் 29 அன்று தத்தாரிஸ்தான் நாடாளுமன்றம், பெற்றோரின் எழுத்துச் சம்மதத்தோடு வாரம் இரண்டு மணி நேரம் என்று ஏற்றுக்கொண்டது.

மிச்சமிருந்தது தலைவர் பதவியின் பெயர். 2021 டிசம்பர் சட்டம் பிரதேசத் தலைவர்கள் குடியரசுத் தலைவர் என்ற பட்டத்தை வைத்துக்கொள்ளக் கூடாது என்றது. வரைவு நிலையிலேயே வெளிப்படையாக எதிர்த்த பிரதேச நாடாளுமன்றம் கசானுடையது. 2022 டிசம்பரில், பதவியில் இருக்கும் மின்னிகானோவின் காலம் முடியும் வரையாவது பட்டம் நீடிக்கட்டும் என்று திருத்தம் போட்டார்கள். அதே திருத்தத்தோடு இறையாண்மையும் தத்தாரிஸ்தான் குடியுரிமையும் அரசியலமைப்பிலிருந்து நீங்கின. அந்தச் சலுகையும் ஒரு மாதம்தான் நின்றது. 2023 ஜனவரி இறுதியில் இன்னொரு திருத்தம். பதவியின் பெயர், தலைவர் என்று பொருள்படும் ரயிஸ் ஆனது. குடியரசின் சொந்த அரசியலமைப்பு நீதிமன்றம், மற்றப் பிரதேச நீதிமன்றங்களோடு சேர்ந்து, அந்த ஆண்டு பிறக்கும் முன்பே மூடப்பட்டிருந்தது. இந்தத் திருத்தங்கள் 1992 வாக்கெடுப்புக்கு முரணா என்று கேட்டு மனுப் போடக் கசானில் இன்று ஒரு மன்றம் இல்லை. வாக்கெடுப்பின் முடிவையோ இன்னொரு வாக்கெடுப்பு மாற்றவில்லை.